‘வெறும் பாக்குதானே!’ – வாயைக் காக்க ஒரு குடும்பப் பாடம்

 

அண்மையில் நம் ஜமாஅத் மண்டபத்தில் இலவசப் பல் மருத்துவ முகாம் நடந்தது. வந்தவர்களின் பெயர், வயது, பழக்கவழக்கங்களைக் கேட்டு எழுதும் வேலை எனக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. “புகையிலை போடுவீங்களா?” என்று கேட்டதும் பெண்களில் பலர் முகம் சுளித்தார்கள். “சேச்சே, பொயிலையெல்லாம் கிடையாது” என்றார்கள். “வெற்றிலை பாக்கு?” என்று அடுத்துக் கேட்டதும், “அது உண்டு. வெறும் பாக்குதானே!” என்றார்கள்.

அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு என் நன்னியின் ஞாபகம் வரும். நன்னிக்குப் பற்கள் விழுந்த பிறகு பாக்கைக் கடிக்க முடியாது. சின்ன இரும்பு உரலில் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு மூன்றையும் இடித்துத்தான் வாயில் போடுவார். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் இடித்துக் கொடுப்பது என் வேலை. நன்றாக நைய இடித்தால் நாலணா கிடைக்கும். அந்த நாலணாவுக்காகப் பேரப்பிள்ளைகளுக்குள் சண்டையே நடக்கும்.

நான் கல்லூரியில் படித்த காலத்தில் நன்னியின் சாப்பாடு குறைந்துகொண்டே வந்தது. முதலில் காரம் ஆகவில்லை. ஆணத்தில் மிளகாயைக் குறைக்கச் சொன்னார். பிறகு இட்லியைச் சின்னதாகப் பிட்டு வைத்தால்தான் உள்ளே போனது. அதன் பிறகு கஞ்சி மட்டும்தான். வயதாகிவிட்டது, பல்லும் இல்லை, அதனால்தான் என்று நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டோம். “சாப்பிட அடம் பிடிக்கிறீங்க” என்று அம்மா கடிந்துகொண்டதும் உண்டு. இடது கன்னத்தின் உள்ளே புண் வந்து, காது வரை வலி ஏறிய பிறகுதான் மருத்துவரிடம் அழைத்துப் போனோம்.

“வாயைத் திறங்கம்மா” என்றார் மருத்துவர். நன்னி திறந்தார். ஒரு விரல் நுழையும் அளவுக்குத்தான் திறந்தது. “இன்னும் கொஞ்சம்” என்றார். “இவ்வளவுதான்பா” என்றார் நன்னி. ஒரே வீட்டில் இருந்தும், நன்னியால் வாயைத் திறக்க முடியவில்லை என்பது எங்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. புற்றுநோய் முற்றியிருந்தது. அடுத்த ரமளானுக்கு நன்னி இல்லை.

என் நன்னி வாழ்நாளில் ஒரு நாளும் புகையிலையைத் தொட்டதில்லை. அவர் போட்டதெல்லாம் வெறும் பாக்குதான்.

இந்தப் பாடத்தைக் குடும்பத்தோடு உட்கார்ந்து படியுங்கள். பாக்கு வாய்க்குள் என்ன செய்கிறது, ஆபத்தின் அறிகுறிகளை வீட்டிலேயே எப்படிக் கண்டுபிடிப்பது, பழக்கத்தை எப்படி விடுவது ஆகிய மூன்றையும் இதில் பார்ப்போம்.

பாக்கில் அப்படி என்ன இருக்கிறது?

பாக்கு என்பது கமுகு மரத்தின் கொட்டை. அதில் அரிக்கோலின் என்ற பொருள் இருக்கிறது. பாக்கு போட்டதும் உடம்பு லேசாகச் சூடேறுவதும், வியர்ப்பதும், சோர்வு நீங்கிச் சுறுசுறுப்பு வருவதும், புதிதாகப் போடுபவருக்கு நெஞ்சு படபடப்பதும் பெரும்பாலும் இதனால்தான். வாயின் உள்தோல் வழியாகவே இது இரத்தத்தில் கலந்துவிடும். சாற்றை விழுங்காமல் துப்பினாலும் தப்ப முடியாது. கூடச் சேர்க்கும் சுண்ணாம்பு இந்தப் பொருளை இன்னும் வேகமாக உடம்பில் ஏற்றுகிறது. வாயின் மெல்லிய தோலையும் அரிக்கிறது.

அரிக்கோலின் மனிதரை அடிமையாக்கும் பொருள். காலையில் பாக்கு போடாவிட்டால் தலைவலி, எரிச்சல், வேலை ஓடாத மந்தம் வருகிறது என்றால், நாம் பாக்கைத் தேடவில்லை, பாக்குதான் நம்மைத் தேட வைக்கிறது என்று புரிந்துகொள்ள வேண்டும். உலகில் சுமார் 60 கோடிப் பேர் ஏதாவது ஒரு வடிவில் பாக்கு மெல்லுகிறார்கள் என்பது ஒரு கணக்கு. இந்தியா, இலங்கை, வங்கதேசம், மியான்மர், தைவான், பாப்புவா நியூகினி என்று பல நாடுகளில் இந்தப் பழக்கம் உண்டு.

பாக்கில் உள்ள இன்னொரு பொருள் துவர்ப்பைக் கொடுப்பது. ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் தோல் தொழிலில் இருக்கும் நம் சகோதரர்களுக்கு இது எளிதில் புரியும். அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டையின் துவர்ப்புச் சாற்றில்தான் ஆட்டுத் தோலையும் மாட்டுத் தோலையும் ஊறப் போட்டார்கள். அந்தத் துவர்ப்பு தோலின் நாரை இறுக்கி, மட்காத தோலாக மாற்றிவிடும். பாக்கின் துவர்ப்பும் அதே இனத்தைச் சேர்ந்ததுதான். செருப்புக்கும் பைக்கும் ஆகும் தோல் இறுகுவது நல்லது. நம் கன்னத்தின் உள்தோல் இறுகினால் என்ன ஆகும்?

வாய் இறுகும் நோய்

நம் வாயின் உள்தோலுக்கு அடியில் மெல்லிய நார்கள் பின்னப்பட்டிருக்கின்றன. உடம்பு பழைய நாரைக் கரைத்துவிட்டுப் புதிய நாரைப் பின்னிக்கொண்டே இருக்கும். அதனால்தான் கன்னம் ரப்பர் போல விரிகிறது, சுருங்குகிறது. பாக்கு போடுபவர் வாயில் இந்த ஒழுங்கு கெடுகிறது. அரிக்கோலின் நாரை அளவுக்கு மீறிப் பின்ன வைக்கிறது. துவர்ப்புப் பொருளோ பழைய நாரைக் கரைய விடாமல் தடுக்கிறது. பாக்கில் நிறைய இருக்கும் செம்புச் சத்து அந்த நார்களை ஒன்றோடொன்று இறுக்கிக் கட்டுகிறது. ஆண்டுகள் ஆக ஆகக் கன்னத்தின் உள்ளே கயிறு போலப் பட்டைகள் உருவாகின்றன.

இந்த நோயை மருத்துவர்கள் ‘வாய் உள்தோல் நாரிறுக்க நோய்’ என்ற பொருள்படும் பெயரால் அழைக்கிறார்கள். 1952ல் ஆப்பிரிக்காவின் கென்யாவில் குடியேறியிருந்த இந்தியப் பெண்களிடம் கண்டு இதை மருத்துவ உலகுக்கு எழுதினார்கள். அடுத்த ஆண்டே இந்தியாவிலும் பதிவானது. பாக்குப் பழக்கம் உள்ள மக்கள் எங்கெல்லாம் இருக்கிறார்களோ அங்கெல்லாம் இந்த நோயும் இருக்கிறது.

இது படிப்படியாக வருகிறது. முதலில் காரமான சாப்பாடு வாயில் பட்டால் எரியும். அடிக்கடி சின்னக் கொப்புளங்கள் வரும். வாய் வறண்டு போகும். பிறகு கன்னத்தின் உள்பக்கம் இளஞ்சிவப்பு நிறம் போய்ப் பளிங்கு போல வெளுக்கும். கன்னம் விறைக்கும். நாக்கை முன்பு போல வெளியே நீட்ட வராது. சீட்டியடிக்க வராது, கன்னத்தை உப்ப முடியாது. சிலருக்குப் பேச்சு மூக்கால் வருவது போல் ஆகும். காதில் வலி இருக்கும். கடைசியில் வாய் திறப்பதே சுருங்கிவிடும்.

ஒன்றை மனத்தில் வையுங்கள். ஒருமுறை இறுகிய நார் பாக்கை விட்டதும் தானாக இளகிவிடாது. ஆனால் விட்டவருக்கு நோய் மேலும் வளராமல் நிற்க வாய்ப்பு அதிகம். வாய்ப் பயிற்சி, கன்னத்தில் ஊசி மருந்து, முற்றிய நிலையில் பட்டைகளை அறுத்துவிடும் அறுவை சிகிச்சை என்று வைத்தியம் இருக்கிறது. பாக்கைத் தொடர்ந்துகொண்டே செய்யும் வைத்தியத்தால் பலன் நிற்காது.

இந்த நோய் வந்தவர்களில் நூற்றுக்கு சுமார் 4 முதல் 8 பேருக்குப் பின்னாளில் அது புற்றுநோயாக மாறியதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதனால் பாக்கை விட்ட பிறகும் மருத்துவர் சொல்லும் இடைவெளியில் வாயைக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

புற்றுநோயும் பாக்கும்

“எங்க காலத்துல டாக்டருங்க பொயிலையைத்தானே வேணாம்னு சொன்னாங்க, பாக்கை ஒண்ணும் சொல்லலையே” என்று முகாமில் ஒரு பெரியவர் கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை என்று ஓர் அமைப்பு இருக்கிறது. எந்தப் பொருள் புற்றுநோயை உண்டாக்கும் என்று ஆராய்ந்து சொல்வது அதன் வேலை. புகையிலை சேர்த்த வெற்றிலைபாக்கு புற்றுநோயை உண்டாக்கும் என்று அது 1985லேயே சொன்னது. புகையிலை சேர்க்காததைப் பற்றி முடிவு சொல்ல அன்று போதுமான ஆதாரம் இல்லை என்றது.

பிறகு ஆதாரங்கள் சேர்ந்தன. தைவான் நாட்டில் வெற்றிலைபாக்கில் புகையிலை சேர்க்கும் வழக்கம் இல்லை. ஆனாலும் அங்கே வாய்ப்புற்று ஏராளமாக வந்தது. 2004ல் அதே முகமை புதிய முடிவை வெளியிட்டது. புகையிலை சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும் வெற்றிலைபாக்கு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும். பாக்கு தனியாகவே உண்டாக்கும். புகையிலையும் கல்நாரும் இருக்கும் அதே முதல் வரிசைப் பட்டியலில் பாக்கும் சேர்க்கப்பட்டது. என் நன்னியின் காலத்துக்கு இந்தச் செய்தி எட்டவில்லை. இன்று நமக்கு எட்டியிருக்கிறது. இனி ‘தெரியாது’ என்று சொல்ல வழியில்லை.

2022ல் உலகம் முழுவதும் சுமார் 3,90,000 பேருக்கு வாய்ப்புற்று வந்தது. அவர்களில் சுமார் 1,20,000 பேருக்கு வந்ததற்குக் காரணம் மெல்லும் புகையிலையும் பாக்கும்தான் என்று அந்த முகமையின் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அந்த 1,20,000 பேரில் 83,000க்கும் மேற்பட்டவர்கள் நம் இந்தியாவைச் சேர்ந்தவர்கள். பழக்கத்தை விட்டிருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய நோய் இது.

பாக்கோடு புகையிலையும் சேர்ந்தால், அல்லது பாக்குப் போடுபவர் புகையும் பிடித்தால், ஆபத்து பல மடங்கு கூடுகிறது. பாக்கைக் கன்னத்தில் அடக்கியபடியே தூங்குவது மிகவும் கெட்டது. எந்தப் பக்கம் அடக்கி வைக்கிறோமோ பெரும்பாலும் அந்தக் கன்னத்தில்தான் நோய் வருகிறது. என் நன்னி இடது பக்கம்தான் அடக்கி வைப்பார்.

வீட்டிலேயே செய்யும் வாய்ப் பரிசோதனை

பாக்குப் பழக்கம் உள்ளவர்கள் மாதத்துக்கு ஒரு முறை இதைச் செய்து பாருங்கள். ஒரு கண்ணாடியும் டார்ச் விளக்கும் போதும். கைபேசியின் விளக்கே போதும். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் பிள்ளைகள் பார்த்துச் சொல்லுங்கள்.

1. கையைக் கழுவிவிட்டு வாயை முழுதாகத் திறக்கவும். ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவே வைத்துப் பார்க்கவும். அவரவர் விரல் மூன்றும் நுழைய வேண்டும். இரண்டுதான் நுழைகிறது என்றால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். பல் இல்லாத வாயில் மூன்று விரல் இன்னும் தாராளமாக நுழைய வேண்டும்.

2. கன்னத்தை உப்பிப் பார்க்கவும். நாக்கை வெளியே நீட்டிப் பார்க்கவும். முன்பு வந்தது இப்போது வரவில்லையா?

3. உதட்டின் உள்பக்கம், இரண்டு கன்னங்கள், ஈறு, நாக்கின் ஓரங்கள், நாக்கின் அடி, மேல் அண்ணம் ஆகிய எல்லா இடத்திலும் வெளிச்சம் அடித்துப் பார்க்கவும். துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு இருக்கிறதா? வெல்வெட் துணி போன்ற சிவப்புத் திட்டு இருக்கிறதா? சிவப்புத் திட்டு வெள்ளையைவிட ஆபத்தானது.

4. சுத்தமான விரலால் கன்னத்தின் உள்பக்கத்தைத் தடவிப் பார்க்கவும். கயிறு போன்ற பட்டையோ, கட்டியோ, தடித்த இடமோ தட்டுப்படுகிறதா?

5. கழுத்தின் இரண்டு பக்கமும், தாடைக்குக் கீழேயும் தடவிப் பார்க்கவும். வலி இல்லாத கட்டி ஏதும் இருக்கிறதா?

முக்கியமான விதி ஒன்று உண்டு. வாயில் எந்தப் புண்ணாக இருந்தாலும், திட்டாக இருந்தாலும், 2 வாரத்தில் ஆறவில்லை என்றால் பல் மருத்துவரிடமோ அரசு மருத்துவமனையிலோ காட்டிவிட வேண்டும். வலி இல்லை என்று இருந்துவிடக் கூடாது. ஆரம்பத்தில் வாய்ப்புற்றுக்குப் பெரும்பாலும் வலி இருக்காது. காரணமில்லாமல் பல் ஆடுவது, பல் பிடுங்கிய இடம் ஆறாமல் இருப்பது, விழுங்கும்போது சிரமம், நாக்கு மரத்துப்போவது ஆகியவையும் காட்ட வேண்டிய அறிகுறிகளே.

இப்படிப் பார்ப்பதால் என்ன பலன் என்று கேட்கலாம். நம் பக்கத்து மாநிலமான கேரளத்தில், திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996 முதல் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய், வெளிச்சத்தில் மக்களின் வாயைப் பார்த்தார்கள். சந்தேகம் இருந்தவர்களை மருத்துவரிடம் அனுப்பினார்கள். புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப்புற்றால் ஏற்படும் இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்று 2005ல் முடிவு வந்தது. பெரிய இயந்திரம் எதுவும் இல்லை. வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள், அவ்வளவுதான். நன்னியின் வாயை நாங்கள் பார்க்காமல் இருந்தோம்.

நம் நாட்டில் 30 வயதைக் கடந்தவர்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் வாய்ப்புற்றுப் பரிசோதனை செய்யும் திட்டம் இருக்கிறது. இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கப் போகும் அன்றே, “வாயையும் பாருங்க” என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

நாம் சொல்லும் சமாதானங்கள்

முகாமில் கேட்ட பேச்சுகளைக் கீழே பதிலோடு தருகிறேன்.

“சாப்பிட்டது செரிக்க வேண்டாமா?” பாக்கு மெல்லும்போது எச்சில் அதிகம் ஊறுவதால் அப்படித் தோன்றுகிறது. ஒரு சிட்டிகை சோம்பு மென்றாலும் எச்சில் ஊறும்.

“பாக்கு போட்டால் பல் கெட்டியாகும்.” கடினமான கொட்டையை ஆண்டுக்கணக்கில் அரைத்தால் பல் தேயும், விரிசல் விடும், கறையேறும், ஈறு இறங்கும். முகாமில் பார்த்த பாக்கு வாய்கள் பலவற்றில் கடைவாய்ப் பற்கள் பாதி உயரத்துக்குத் தேய்ந்திருந்தன.

“ஒரு நாளைக்கு இரண்டு தடவைதான்.” எத்தனை தடவை, எத்தனை வருடம் என்பதைப் பொறுத்து ஆபத்து கூடும், குறையும். ஆனால் இவ்வளவு வரை போடலாம் என்று பாதுகாப்பான அளவு எதுவும் கண்டறியப்படவில்லை.

“தினமும் பல் துலக்குகிறேன், ஒளூவுக்கு முன் மிஸ்வாக்கும் செய்கிறேன்.” நல்ல பழக்கம், விட்டுவிடாதீர்கள். ஆனால் மிஸ்வாக்கும் பிரஷ்ஷும் பல்லின் அழுக்கைத்தான் நீக்கும். தோலுக்கு அடியில் இறுகிய நாரை இளக்க அவற்றால் ஆகாது.

“வெற்றிலை மூலிகைதானே?” வெற்றிலையைத் தனியாகப் புற்றுநோய்ப் பட்டியலில் யாரும் சேர்க்கவில்லை. கொடிக்கால் வைத்துப் பிழைக்கும் நம் பகுதி விவசாயிகள் மீது இந்தக் கட்டுரைக்கு எந்தக் குறையும் இல்லை. வெற்றிலைக்குள் மடித்து வைக்கிறோமே, அந்தப் பாக்கும் சுண்ணாம்பும் புகையிலையும்தான் கேடு.

“கர்ப்பிணிக்குக் குமட்டல் நிற்கும்.” பாக்கின் பொருள் தாயின் இரத்தத்தில் கலந்து பிள்ளைக்கும் போகிறது. கர்ப்ப காலத்தில் பாக்கு மென்ற தாய்மார்களின் பிள்ளைகள் எடை குறைவாகப் பிறப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மருமகளுக்குப் பாக்கு கொடுக்கும் மாமியார்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பிள்ளைகளும் பொட்டலமும்

நன்னிமார் காலத்துப் பாக்கு உரலில் இருந்தது. பெரியவர்கள் கையில் இருந்தது. இன்று அது பளபளக்கும் பொட்டலத்தில், இனிப்பும் வாசனையும் சேர்த்து, பெட்டிக்கடையில் மிட்டாய்க்குப் பக்கத்தில் தொங்குகிறது. புகையிலையோ நிக்கோட்டினோ சேர்ந்த குட்காவும் பான் மசாலாவும் தமிழ்நாட்டில் 2013ல் தடை செய்யப்பட்டன. வெறும் இனிப்புப் பாக்குக்கு அந்தத் தடை இல்லை. எனவே பிள்ளைகள் அதை மிட்டாய் என்றே நினைக்கிறார்கள். பொட்டலத்தில் இருப்பது காய்ந்த பாக்கு. அதை மெல்லும் இளைஞர்களுக்கு வாய் இறுகும் நோய் சில ஆண்டுகளிலேயே வந்துவிடுகிறது. இருபது வயதுப் பையன் பிரியாணிக்கு வாய் திறக்க முடியாமல் மருத்துவமனையில் உட்கார்ந்திருப்பது இன்று அரிதான காட்சி இல்லை.

கல்யாண வீடுகளில் நாம் என்ன செய்கிறோம் என்று யோசியுங்கள். நிக்காஹ் முடிந்ததும் தட்டில் வெற்றிலைபாக்கு. விருந்து முடிந்து கை கழுவி வரும் இடத்தில் பீடா. சின்னப் பிள்ளைகள் இரண்டு மூன்று எடுத்துக்கொண்டு ஓடுவதைப் பார்த்துச் சிரிக்கிறோம். நானும் அப்படித்தான் நாலணாவுக்குப் பாக்கு இடித்தேன். பிள்ளைக்குப் பழக்கத்தின் முதல் பாடத்தை நாமே சொல்லிக் கொடுக்கிறோம்.

வந்தவரை மதிக்கத் தட்டு வைப்பது அழகிய வழக்கம். தட்டு இருக்கட்டும். அதில் பேரீச்சம்பழம், கல்கண்டு, ஏலக்காய், சோம்பு வைப்போம். நம் அறக்கட்டளை உதவி செய்யும் திருமணங்களிலிருந்து இதைத் தொடங்கினால் மற்ற வீடுகளுக்கும் பழகிவிடும்.

விடுவது எப்படி?

முடியாது என்று சொல்பவர்களுக்கு ஒரு கேள்வி. ரமளானில் சஹர் முடிந்ததிலிருந்து மஃரிப் வரை பாக்கு இல்லாமல்தானே இருந்தீர்கள்? முதல் இரண்டு நோன்பில் தலைவலி வந்திருக்கும். ஐந்தாம் நோன்பில் அது போயிருக்கும். ஒரு நாளில் பதின்மூன்று மணி நேரம் இருக்க முடிந்தவருக்கு மிச்ச நேரமும் முடியும். இஃப்தாருக்குப் பிறகு செல்லப் பெட்டியைத் திறக்காமல் இருந்திருந்தால் ஒரே மாதத்தில் பழக்கமே போயிருக்கும். அடுத்த ரமளான் வரை காத்திருக்க வேண்டியதில்லை. இன்றே தொடங்கலாம்.

முதலில் ஒரு நாளைக் குறித்து வீட்டாரிடம் சொல்லிவிடுங்கள். அதுவரை ஒவ்வொரு நாளும் எத்தனை தடவை போடுகிறோம் என்று எண்ணி எழுதுங்கள். எழுதத் தொடங்கினாலே குறையும். புகையிலை சேர்ப்பவர்கள் முதலில் அதை நிறுத்துங்கள். ஆனால் அத்தோடு நின்றுவிடாதீர்கள். குறித்த நாள் வந்ததும் செல்லப் பெட்டி, பாக்குவெட்டி, உரல் எல்லாவற்றையும் வீட்டை விட்டு அப்புறப்படுத்துங்கள். கண்ணில் பட்டால் கை போகும்.

எந்த நேரத்தில் வாய் தேடுகிறது என்று கவனியுங்கள். சாப்பாட்டுக்குப் பின்னா, தேநீருக்குப் பின்னா, கடையில் கணக்கு எழுதும்போதா, இரவு வண்டி ஓட்டும்போதா? அந்த நேரத்துக்கு முன்பே சட்டைப் பையில் கிராம்பு, ஏலக்காய், சோம்பு, வறுத்த தனியா ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள். தேடல் எழும்போது ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு ஐந்து நிமிடம் வேறு வேலை பாருங்கள். அந்த வேகம் தணிந்துவிடும். முதல் வாரம்தான் கடினம். எரிந்து விழுவார்கள், வீட்டில் உள்ளவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஒரு நாள் தவறிப் போட்டுவிட்டால், “எல்லாம் போச்சு” என்று விட்டுவிடாமல் மறுநாள் மீண்டும் தொடங்குங்கள்.

தனியாக முடியாதவர்கள் உதவி கேட்பதில் வெட்கம் வேண்டாம். அரசின் 104 மருத்துவ ஆலோசனை எண்ணில் பேசலாம். புகையிலையும் சேர்த்துப் போடுபவர்கள் தேசியப் புகையிலை விடுப்பு உதவி எண்ணான 1800-11-2356ல் இலவசமாக ஆலோசனை பெறலாம். விட்ட ஆண்டுகள் கூடக் கூட வாய்ப்புற்றின் ஆபத்து குறைந்துகொண்டே போகிறது. எந்த வயதில் விட்டாலும் பலன் உண்டு.

ஏற்கெனவே நோய் கண்டவர்கள் பயந்து ஒதுங்க வேண்டாம். ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் சிறிய அறுவை சிகிச்சையோடு குணமாக வாய்ப்பு அதிகம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய்ச் சிகிச்சையும் அடங்கும். அட்டை எடுக்காத குடும்பங்கள் உடனே எடுத்து வையுங்கள்.

அக்காவின் மூன்று விரல்

முகாம் முடிந்த அன்றிரவு வீட்டில் எல்லோரையும் வரிசையாக உட்கார வைத்து மூன்று விரல் சோதனை செய்தோம். பிள்ளைகளுக்கு அது விளையாட்டாக இருந்தது. என் அக்காவின் முறை வந்தது. அக்காவும் பதினைந்து வருடமாகச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு சின்னப் பாக்கு போடுபவர்தான். இரண்டு விரல் நுழைந்தது. மூன்றாவது நுழையவில்லை. சிரிப்பு நின்றுவிட்டது.

மறுநாளே மருத்துவரிடம் போனோம். கன்னத்தில் பட்டைகள் தொடங்கியிருந்தன. புற்றுநோய் இல்லை, அல்ஹம்துலில்லாஹ். அக்கா அன்றே பாக்கை விட்டார். வாய்ப் பயிற்சி செய்கிறார். மருத்துவர் சொன்ன நாளில் போய்க் காட்டுகிறார். பழையபடி மூன்று விரல் நுழையுமா என்றால், மருத்துவர் உறுதி சொல்லவில்லை. ஆனால் இரண்டு விரல் ஒன்றாகக் குறையாமல் காப்பாற்றலாம் என்றார். நன்னிக்குக் கிடைக்காதது அக்காவுக்குக் கிடைத்திருக்கிறது.

நன்னியின் உரல் இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. இப்போது அதில் ஏலக்காய் இடிக்கிறோம்.

அல்லாஹ் நமக்குத் தந்த உடல் ஓர் அமானிதம். அதைப் பேணுவதற்கு அவன் நம் எல்லோருக்கும் அருள் புரிவானாக, ஆமீன்.

குடும்பத்தோடு பேசிக்கொள்ள:

1. நம் வீட்டில் பாக்கு போடுபவர் யார்? எத்தனை வருடமாக? இதுவரை யாராவது அவர் வாயைப் பார்த்ததுண்டா?

2. இன்றிரவு எல்லோரும் மூன்று விரல் சோதனை செய்து பாருங்கள். யாருக்கு நுழையவில்லை?

3. ‘வெறும் பாக்குதானே’ என்று சொல்பவருக்கு, இந்தப் பாடத்திலிருந்து ஒரே ஒரு செய்தியைச் சொல்வதென்றால் எதைச் சொல்வீர்கள்?

4. நம் வீட்டில் அடுத்து நடக்கப்போகும் திருமணத்தில் தட்டில் என்ன வைக்கலாம்?